மாமா மனையில் நாலு தாழி

7 ஜூலை 2025, திங்கள்

பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஏன் வந்தோம் என்ற முகத்தோடு இருந்தார்கள். நான் முதல் பெஞ்சில். பின்னால் உட்கார்ந்திருந்த வினோத்குமார், "ஏ கார்குழலி, உனக்கு மட்டும் எப்படி திங்கக்கிழமகூட புடிக்குது?" என்றான்.

பிடிக்காமல் எப்படிப் போகும்? ரோசா மிஸ் உள்ளே வந்ததும் ஒரு பழைய புகைப்படத்தைத் திரையில் போட்டார். நம் புதுச்சேரிக் கடற்கரை, பழைய துறைமுகப் பாலம், நிறைய கூட்டம். "இதுல என்ன இல்ல?" என்று கேட்டார். எல்லாரும் இருப்பதைத்தான் கேட்பார்கள். இவர் இல்லாததைக் கேட்கிறார். விளக்குக் கம்பம் இல்லை, பைக் இல்லை, சுண்டல் விற்பவர் இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எனக்குத்தான் பட்டது. அத்தனை கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. சொன்னேன். மிஸ் தலையாட்டிவிட்டு, "அவங்க கடற்கரைக்கே வரலயா, இல்ல படம் எடுத்தவர் அந்தப் பக்கம் திரும்பலயா?" என்றார்.

சைக்கிளில் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ரோசா மிஸ் கௌரவ விரிவுரையாளர்தான். எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ஆனால் அவர் வகுப்பில் மட்டும் போனை எடுக்கத் தோன்றுவதில்லை. இந்த வருடம் ஆளுக்கொரு புராஜெக்ட் எழுத வேண்டும். தலைப்பை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு வேறு பரபரப்பு. "உங்க மாமன் பில்லர் குழி எடுக்க ஆரம்பிச்சுட்டான். ஆடி பொறக்கறதுக்குள்ள கான்கிரீட் போட்டுடணும்னு பறக்கறான்." கோவிந்தசாமி மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, இடிந்துபோன ஒரு பழைய கிடங்கை வாங்கி அதில் வீடு கட்டுகிறார். அவர் மகள் பூர்ணிமாக்காவுக்கு மாசியில் கல்யாணம். பெண்ணைச் சொந்த வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

9 ஜூலை, புதன்

"புதுச்சேரி வரலாறு" என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். மிஸ் சிரித்துவிட்டார். "இது தலைப்பு இல்ல குழலி, அலமாரி. அதுக்குள்ள உன் கேள்வி எங்க?"

இல்லை. தேடுகிறேன்.

12 ஜூலை, சனி

ஓடி வந்த வேகத்திலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மாமா வீட்டில் அத்தை வேலையாட்களுக்குச் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனேன். கட்டடத் தூணை மேஸ்திரிகள் "காலம்" என்பார்கள். தூணுக்குத் தோண்டும் குழி, காலம் குழி. என் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு உண்டா என்று யோசித்தபடி நிற்கிறேன், கிழக்கு மூலைக் குழியில் கடப்பாரை "டொக்" என்றது. கல் சத்தம் இல்லை. சுட்ட மண்ணில் பட்டால் வருமே, அந்தச் சத்தம்.

பாவாடை மேஸ்திரி, "நிறுத்து நிறுத்து" என்றார். கையால் மண்ணைத் தள்ளினார்கள். வட்டமாக ஒரு வாய். சிவந்த மண்ணால் செய்த, என் இரண்டு கையையும் சேர்த்து வளைத்தாலும் அடங்காத பெரிய பானையின் வாய். கொஞ்சம் தள்ளி இன்னொன்றின் விளிம்பு.

சாப்பாட்டுப் பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. குழிக்குள் இறங்கிவிட்டேன். முழங்காலில் உட்கார்ந்து அந்த விளிம்பைத் தொட்டேன். இரண்டு வருடமாகப் படத்தில் பார்த்ததை முதல்முறையாக விரலால் தொடுகிறேன்.

"முதுமக்கள் தாழி," என்று கத்தினேன். "மாமா, இது முதுமக்கள் தாழி. ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் இருக்கும். அந்தக் காலத்துல செத்தவங்கள இதுல வெச்சுத்தான் பொதைப்பாங்க. எலும்பு, இரும்புக் கத்தி எல்லாம் உள்ள இருக்கும்."

தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் கேள்வி கிடைத்துவிட்டது. என் தெருவுக்குப் பக்கத்திலேயே, என் மாமா மனையிலேயே கிடைத்துவிட்டது. வீடுவரை ஓடியே வந்தேன்.

13 ஜூலை, ஞாயிறு

நான் என்ன பண்ணிட்டேன்.

காலையிலேயே அத்தை வந்துவிட்டார். செல்வாம்பாள் அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுடுகாட்டு மேல வூடு கட்டறமே அண்ணி, அதுல எம்பொண்ணுக்கு எப்படி நலுங்கு வைப்பேன்," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நடந்தது இதுதான். நான் குழுவில் போட்ட படத்தை வினோத்குமார் அவன் குழுக்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். யாரோ ஒரு யூடியூப்காரர் சாயங்காலமே மனைக்கு வந்து வீடியோ எடுத்திருக்கிறார். "முத்தியால்பேட்டையில் மனித எலும்புகளுடன் மர்மப் பானைகள்." எலும்பை யார் பார்த்தது? யாருமே பார்க்கவில்லை. நான் சொன்னதுதான். என் வார்த்தை ஊரைச் சுற்றிவிட்டு எலும்போடு திரும்பி வந்திருக்கிறது.

அதைத் திண்டிவனத்தில் மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். சண்டை போடவில்லை. "நல்ல காரியம் பேசிட்டிருக்கறப்ப இப்படி ஒரு சேதி வருதே, கொஞ்சம் யோசிச்சுக்கலாம்" என்றாராம். யோசிச்சுக்கலாம். இந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தை அழுகிறார்.

மாமா வேலையாட்களை அனுப்பிவிட்டார். குழியைத் தகரத்தால் மூடியிருக்கிறார்.

பூர்ணிமாக்காவுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல நான்? ஒரு நாள், ஒரே ஒரு நாள்.

14 ஜூலை, திங்கள்

வகுப்பில் எனக்குக் கைதட்டினார்கள். துறைத்தலைவர் ஐயா நேரில் வந்து, அடுத்த மாதக் கருத்தரங்கில் நான் "முத்தியால்பேட்டை முதுமக்கள் தாழிகள்" பற்றிப் பேச வேண்டும் என்றார். மற்ற நாளாக இருந்தால் பறந்திருப்பேன்.

ரோசா மிஸ் மட்டும் கைதட்டவில்லை. வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

"எலும்பு பாத்தியா?"

"இல்ல மிஸ்."

"உள்ள என்ன மண்ணு இருந்துது?"

"பாக்கல மிஸ்."

"ரெண்டு பானைக்கும் நடுவுல?"

அதையும் பார்க்கவில்லை. வாயையும் விளிம்பையும் பார்த்ததுமே எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"நானும் படத்த பாத்ததும் தாழின்னுதான் நெனச்சேன்," என்றார் மிஸ். "தெரியலங்கறதுதான் இப்ப உண்மை. போய்ப் பாக்கலாமா?"

அதற்கு மாமா விட வேண்டுமே.

15 ஜூலை, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். மாமா லேத்தை நிறுத்தவில்லை. இரும்புச் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நாளன்னிக்கு ஆடி," என்றார் கடைசியில். "ஒரு குழிகூட நெரம்பல. மனைய வித்துடலாம்னு இருக்கேன். புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன்."

"மாமா, அது தாழிதானான்னு எனக்கே இப்ப தெரியல."

லேத் நின்றது. "அன்னிக்கு அவ்ளோ பேர்கிட்ட சொன்னியே."

"பாக்காம சொல்லிட்டேன் மாமா. தப்புதான். நாளைக்கு ஒரு நாள் விடுங்க. எங்க மிஸ் வருவாங்க. முழுசா பாத்து, என்ன இருக்கோ அத மட்டும் சொல்றேன்."

"எலும்பு இருந்துச்சுன்னா?"

"இருந்தா இருக்குன்னு சொல்வேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. "வந்து தோண்டி கெவர்மெண்டு எடத்த புடுங்கிக்கிட்டா?" என்றார். அப்படியெல்லாம் எடுக்க மாட்டார்கள் என்று மிஸ் சொல்லியிருந்ததைச் சொன்னேன். நம்பவில்லை.

அப்போது பின்னாலிருந்து பூர்ணிமாக்காவின் குரல். வேலை முடிந்து அப்படியே வந்திருக்கிறார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கோட்டுகூடக் கழற்றவில்லை.

"விடுப்பா. எலும்பு இருக்கா இல்லயான்னு தெரியாமயே திண்டிவனத்து அந்தம்மாகிட்ட பேசிட்டிருக்க முடியாது. நானும் குழியில எறங்கறேன்." என்னைப் பார்த்து, "உங்கிட்ட நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்," என்றார்.

போதும். கோபமாக இருக்கட்டும். குழிக்கு வருகிறாரே.

16 ஜூலை, புதன்

என்ன ஒரு நாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரோசா மிஸ், நான், பூர்ணிமாக்கா, வினோத்குமார். அவன் முந்தின நாளே மாமா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டான். மண் அள்ளும் வேலை முழுவதும் அவனுக்கு. மாமா தள்ளி நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு.

கரண்டியால், பிரஷ்ஷால், சில இடத்தில் வெறும் விரலால். மெதுவாக. இவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை. மண்ணின் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, படம் எடுத்து, டேப் வைத்து, வரைந்து, பிறகுதான் அடுத்த பிடி.

இரண்டு இல்லை. நான்கு. நான்கு பானைகள், கயிறு கட்டி வைத்ததுபோல் ஒரே கோட்டில், ஒரே மட்டத்தில். நடுவில் செங்கல், சுண்ணாம்புக் காரை. பானைகளின் கழுத்துவரை காரை பூசி மேடை மாதிரிக் கட்டியிருக்கிறார்கள்.

"செத்தவங்கள எதுக்கு இப்படி வரிசையா சிமெண்டு வெச்சு கட்டணும்?" என்றான் வினோத்.

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பானைக்குள் இருந்த மண் முழுவதையும் பூர்ணிமாக்கா சல்லடையில் சலித்தார். ஒவ்வொரு துண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓடு, கரி, நத்தைக் கூடு. "எலும்பு இல்ல," என்றார். மற்ற மூன்றிலும் இல்லை. மாமாவின் நாற்காலி எப்போது குழி ஓரத்துக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மதியத்துக்குமேல் நான் நாலாவது பானையின் பக்கவாட்டில் இறங்கி, அடிப்பகுதிக்குக் கீழே சுத்தம் செய்தேன். பானை உட்கார்ந்திருந்த காரைக்குள் ஏதோ பளபளத்தது. பீங்கான். தட்டின் ஓரத் துண்டு, பழுப்பு நிறப் பூ அச்சடித்தது. கப்பலில் வந்த சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தட்டுகளில் இந்த மாதிரி அச்சுப் பூ உண்டு என்றார் மிஸ்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தட்டு பானைக்கு அடியில், காரைக்குள் இருக்கிறது. அப்படியென்றால் தட்டு உடைந்த பிறகுதான் பானையை வைத்திருக்கிறார்கள். ரெண்டாயிரத்து ஐநூறு வருடம் போய்விட்டது. என் முதுமக்கள் போய்விட்டார்கள்.

வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு விரல் நீளத் துண்டு, இரண்டாயிரம் வருடத்தை ஒரே நொடியில் தள்ளிவிட்டது. அதை நான் கண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டேன்.

"அப்ப இது என்னா?" என்றார் மாமா.

தெரியாது. இந்த முறை தெரியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அம்மா கூழ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் பின்கட்டில் பழைய டூத்பிரஷ்ஷோடு உட்கார்ந்து, குழியில் கிடைத்த உடைந்த பானை ஓடுகளைக் கழுவுகிறேன்.

பானையின் உள்பக்கம் முழுவதும் மெல்லிய சுண்ணாம்பு படிந்திருக்கிறது. அதில் அங்கங்கே கறை. பாசி என்று தேய்த்தேன். போகவில்லை. வெயிலில் வைத்ததும் தெரிந்தது. நீலம். நல்ல அடர்ந்த நீலம், சட்டையில் பேனா மை கசிந்தால் இருக்குமே அப்படி.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "துணிக்கு போடற நீலம் கொட்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

துணிக்கு.

போன வருடம் பிரெஞ்சு வணிகம் பற்றி ரோசா மிஸ் எடுத்த பாடம். இங்கிருந்து கப்பல் ஏறியதில் முக்கியமானது நீலச் சாயம் தோய்த்த துணி. கினே என்று பெயர். ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரைவரை போனது. அங்கே மரப்பிசினுக்குப் பதிலாக இந்தத் துணியைக் கொடுத்தார்கள். காசு மாதிரியே புழங்கியது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது. எழுதிவிட்டு மறந்துபோனேன். எங்கே தோய்த்தார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

வரிசையாகப் புதைத்த பானைகள். சுற்றிலும் நின்று வேலை செய்ய மேடை. சுண்ணாம்பு. நீலம்.

ஈரக் கையோடு எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். இல்லை குழலி, பொறு. ஒருமுறை அவசரப்பட்டது போதும். சலவை நீலமாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாஸ்லினுக்கு மெசேஜ் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து தோழி, இப்போது எங்கள் கல்லூரியிலேயே வேதியியல். ஒரே வரியில் பதில் வந்தது: "அவுரிச் செடி நீலமா, சலவை நீலமான்னு பாக்கணும்னா சுலபம். சுரண்டி எடுத்துக்கிட்டு வா."

18 ஜூலை, வெள்ளி

பச்சையாக மாறியது. மஞ்சள் கலந்த பச்சை. பிறகு நீலம். மறுபடி நீலம்.

ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜாஸ்லின் அவள் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தாள். இரண்டு சோதனைக் குழாய். ஒன்றில் கடையில் வாங்கிய சலவை நீலம். இன்னொன்றில் பானையிலிருந்து நான் பிளேடால் சுரண்டிய பொடி, அரை சிட்டிகைகூட இருக்காது. இரண்டிலும் காரம் ஊற்றி, ஹைட்ரோ என்று ஒரு வெள்ளைத் தூளைப் போட்டு, இளஞ்சூட்டில் வைத்தாள். சாயப்பட்டறைகளில் இன்றும் அதைத்தான் போடுகிறார்களாம்.

சலவை நீலம் நீலமாகவே இருந்தது. என் குழாயில் நீலம் மெல்லக் கரைந்து, பச்சையாகி, மஞ்சளாகி, காணாமலே போய்விட்டது. "போச்சா?" என்றேன்.

"போகல. தூங்குது," என்றாள் ஜாஸ்லின். "காத்து பட்டா முழிச்சுக்கும்."

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் பொட்டு. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். ஓரம் முதலில் கறுத்ததுபோல் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீலம் நடந்து வந்தது. நடந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எத்தனை வருடமாக மண்ணுக்குள் கிடந்த சாயம், எங்கள் கண் எதிரில் ஒரு துணியில் ஏறுகிறது. யாரோ ஒருவர் இதே முத்தியால்பேட்டையில் துணியை மேலே தூக்கிக் காற்றில் பிடித்து, இதே நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அவருக்கு அது தினசரி வேலை. அவர் பெயர் என்ன? ஆணா பெண்ணா? கை எப்போதும் நீலமாக இருந்திருக்குமா? வீட்டில் சோறு பிசையும்போதும்?

என் கேள்வி இதுதான். எனக்குக் கிடைத்துவிட்டது. ஜாஸ்லினைக் கட்டிக்கொண்டு குதித்தேன், லேபில் ஒரு பீக்கர் உருண்டது.

19 ஜூலை, சனி

மாமா வீட்டில் சொன்னேன். துணியையும் காட்டினேன். அத்தை அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிச்சயமா தெரியுமா? அன்னிக்கும் நிச்சயமாத்தான் சொன்ன," என்றார். குரலில் கடுமை இல்லை. அதனாலேயே சுருக்கென்று இருந்தது.

"அன்னிக்கு தெரியாம சொன்னேன் அத்த. இன்னிக்கு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். நாலு பானையும் சலிச்சாச்சு, எலும்பு இல்ல. அக்காவ கேளுங்க."

மாமா துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கு சொன்னா போதாது. திண்டிவனத்துக்கு சொல்லணும். நாளைக்கு வர சொல்றேன். நீதான் பேசணும்."

நானா?

20 ஜூலை, ஞாயிறு

வைவாவுக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

மாப்பிள்ளை வெற்றிச்செல்வனும் அவர் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அந்தம்மாவை வில்லி மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் களைத்துப்போன, மெதுவாகப் பேசுகிற ஒருவர். மனை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரத் தயங்குகிறார் என்று புரிந்தது.

நான் குழிக்குள் இறங்கினேன். மனப்பாடம் செய்து வைத்தது எதுவும் நினைவில் இல்லை. பானைகளைக் காட்டினேன், காரையைக் காட்டினேன், தட்டுத் துண்டைக் கையில் எடுத்து மேலே நீட்டினேன். தட்டு அடியில் இருந்ததால் பானை அதற்குப் பிறகுதான், அதனால் இது தாழியாக இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிப் பேசினேனாம், அக்கா பிறகு நடித்துக் காட்டினார். பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அப்ப இங்க யாரையும் பொதைக்கலயா?" என்றார் அந்தம்மா.

"இல்லம்மா. துணிதான் நனைச்சாங்க."

ஜாஸ்லின் ஒரு சின்ன ஃபிளாஸ்க்கில் அந்த மஞ்சள் திரவத்தைக் கொண்டுவந்திருந்தாள். பூர்ணிமாக்கா தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார். ஒரு சொட்டு. மஞ்சள். எல்லாரும் குனிந்தார்கள். நீலம் ஏறியது. வெற்றிச்செல்வன் "அட" என்று கைக்குட்டையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். இருவர் தலையும் அதன்மேல் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

அந்தம்மா குழி ஓரத்துக்கு வந்து, முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்தத் துணி எங்க போச்சு?"

"கப்பல்ல ஆப்பிரிக்காவுக்கும்மா. அங்க பணத்துக்கு பதிலா குடுத்து வாங்குவாங்க."

"இங்க தோச்சதா?"

"இந்தப் பக்கத்துல எங்கெங்கயோ தோச்சாங்க. அதுல இதுவும் ஒரு எடமா இருக்கணும். அவ்ளோதான் சொல்ல முடியும்."

அவர் மாமாவைப் பார்த்தார். "தொழில் நடந்த எடம்தானேங்க. லட்சுமி இருந்த மண்ணு." செருப்பைக் கழற்றிவிட்டு மனைக்குள் வந்தார்.

அத்தை உள்ளே ஓடினார், காபி வைக்க. அங்கே வீடே இல்லை, குழிதான் இருக்கிறது என்பது பாதி வழியில்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது. எல்லாரும் சிரித்தோம். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து குடித்தோம்.

போகும்போது அக்கா என் காதில், "கோவம் தீந்துடுச்சு," என்றார். "ஆனா அந்தக் கைக்குட்டைய அவர் திருப்பி தரல."

28 ஜூலை, திங்கள்

மிஸ் கடிதம் எழுதியதன் பேரில் தொல்லியல் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். குறிப்பு எடுத்தார், எங்கள் வரைபடங்களைப் பிரதி வாங்கிக்கொண்டார். மாமா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றே பார்த்தார், அவர் கிளம்பும்வரை. உடையாத ஒரு பானை எங்கள் துறைக்கு. மற்ற மூன்றையும் அங்கேயே மணல் நிரப்பி மூடிவிட்டார்கள். தூணின் இடத்தை மாற்ற முடியாது என்று என்ஜினியர் சொல்லிவிட்டார்.

மணல் கொட்டும்போது எனக்கு அழுகை வந்தது. "அதான் வரஞ்சு வெச்சுட்டியே," என்று வினோத் தோளைத் தட்டினான்.

6 ஆகஸ்ட், புதன்

கருத்தரங்கு. அழைப்பிதழில் இன்னும் "முதுமக்கள் தாழிகள்" என்றே அச்சாகியிருந்தது. துறைத்தலைவரிடம் போன வாரமே சொன்னேன். "ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துல கெடைக்கற மதிப்பு இதுல கெடைக்குமாம்மா?" என்று வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், பாவம்.

மேடையில் முதல் வரியாக இதைத்தான் சொன்னேன்: "தலைப்பு தவறு. தவறு என்னுடையது." அரங்கில் சலசலப்பு. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான் எப்படித் தவறு செய்தேன், ஒரு தட்டுத் துண்டு அதை எப்படித் திருத்தியது என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு செனகல். பிறகு அந்த நீலப் பொட்டு. சலசலப்பு எப்போது அடங்கியது என்று கவனிக்கவில்லை.

கடைசியில் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அங்க வேல செஞ்சவங்க பேரு தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியாது. அதத்தான் தேடப் போறேன்."

கைதட்டல் அதற்குத்தான் வந்தது. தெரியாது என்றதற்கு.

3 நவம்பர், திங்கள்

ஆவணக் காப்பகத்தில் நாலாவது வாரம். பிரெஞ்சு அகராதியும் நானும். இன்று முழுவதும் தேடி ஒரே ஒரு சொல் பிடிபட்டது. சாயக்காரர். பெயர் இல்லை. பரவாயில்லை. இருக்கிறார்கள்.

30 ஜனவரி 2026, வெள்ளி

மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா. பால் பொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் மாமாவே கிழக்கு மூலையைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை சொல்லும்போது கப்பல் மனை வாசலுக்கே வந்துவிட்டது. குறுக்கிட்டுத் திருத்தினேன். "செரி செரி, கடலுக்கே போவட்டும்," என்றார்.

8 மார்ச், ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்து, அக்கா திண்டிவனம் போய் ஒரு வாரமாகிறது. புராஜெக்ட் கொடுத்தாயிற்று. எண்பத்தாறு பக்கம், அதில் "தெரியவில்லை" என்ற சொல் நிறைய. இந்த மாதம் எம்.ஏ. நுழைவுத் தேர்வு. கிடைத்தால் காலாப்பட்டுப் பல்கலைக்கழகம். காலையில் அதற்குப் படிக்க உட்கார்ந்தேன்.

மாமா போன்.

"குழலி, எங்க இருக்க? எங்க தெரு முனையில அந்த மாடி வெச்ச மெத்த வூட்ட இடிச்சாங்க இல்ல, அங்க ஜேசிபி வெச்சு தோண்டறாங்க. பல்லுல என்னமோ மாட்டிச்சு. நான் போயி வண்டிய நிறுத்திட்டேன்."

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலயா மாமா?"

"கத்தறாரு. கத்தட்டும். நான் குழிக்கு முன்னால சேர் போட்டு உக்காந்திருக்கேன். எவனும் எறங்கல, எவனும் போட்டோ எடுக்கல. அது என்னான்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன். நீ வந்து பாரு மொதல்ல."

சாக்கடைக் குழாயாக இருக்கலாம். யாரோ விட்டுப்போன ஆட்டுக்கல்லாக இருக்கலாம். தெரியாது. டேப், பிரஷ், வெள்ளைத் தாள் எல்லாம் பையில் போட்டாயிற்று. ரோசா மிஸ்ஸுக்கும் சொல்லிவிட்டேன்.

இதை எழுதுவதற்குள் மாமா இரண்டு முறை போன் அடித்துவிட்டார்.